சாக மறந்த கலங்கள்

மலையும் இலையும் – பகுதி 12

சென்ற வாரம் மடுல்சீமையில் நின்றோம். 1869-ஆம் ஆண்டு. கலூலா தோட்டத்துக் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொட்டுகள். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவெயிற்ஸ் அந்த இலைகளைப் பொதி கட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசுகளைப் படிப்பதில் ஆயுளைச் செலவிட்ட பார்க்லி என்ற பாதிரியார் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குகிறவள். இலங்கை மலைகளைக் கண்ணால் காணாத மனிதர் வைத்த பெயர் அது. பத்தே வருடத்தில் பலித்துவிட்டது.

ஆனால் அந்தப் பத்து வருடமும் துரைமார் கலங்கவில்லை. ஏக்கருக்கு நாலரை அந்தர் கோப்பி கண்ட மலையில் இரண்டு அந்தர்தான் கிடைத்தது. சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனதால் நட்டம் தெரியவில்லை. விளைச்சல் குறையக் குறைய இன்னும் காட்டை வெட்டினார்கள். திம்புலையில் வெட்டினார்கள், டிக்கோயாவில் வெட்டினார்கள். 1878-ல் கோப்பி நின்ற பரப்பு சுமார் 2,75,000 ஏக்கர். நோய் பரவ விரித்து வைத்த பாய் அது.

இந்த வாரம், அந்தப் பாயின்மேல் ஒரு இளைஞர் வந்து குந்துகிறார்.

*

1880-ஆம் ஆண்டின் தொடக்கம். ஹரி மார்ஷல் வார்ட். வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ. கோப்பி நோயை ஆராய்வதற்கென்றே இலங்கை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு அமர்த்திய பங்கசு ஆய்வாளர். இருப்பிடம் பேராதனை.

அப்போது மலைக்கு ரயில் நாவலப்பிட்டி வரைதான். அட்டனுக்கு ரயில் ஏறியது 1884-ல், நானுஓயாவுக்கு 1885-ல். அதற்கு மேலே போகிறவர்களுக்குக் குதிரை, இல்லாவிட்டால் கால்.

துரைமாருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மருந்து. வார்டுக்கு முன்பு பேராதனையில் இருந்த மொறிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தூளை மரங்களின்மேல் தூவிப் பார்த்திருந்தார். வீரியமான மருந்து ஏதாவது இந்தப் பையன் கொண்டுவருவான் என்று காத்திருந்தார்கள்.

வார்ட் முதலில் கேட்டது வேறு கேள்வி. இந்தப் பங்கசு இலைக்குள் எந்த வழியாகப் போகிறது?

*

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மலையகத்தில் இன்றைக்கும் லயத்துக்குப் பின்னால், வாழைக்குப் பக்கத்தில், ஒன்றிரண்டு கோப்பி மரம் நிற்கும். யாரும் நட்டதாக ஞாபகம் இருக்காது. அதன் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் மா அப்பிக்கிடந்தால் விரலால் தடவுங்கள். மஞ்சள் அரைத்த கைபோல விரல் நுனி நிறம் மாறும். அந்த ஒரு தடவலில் ஒட்டுவது ஆயிரக்கணக்கான வித்திகள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே கவிழ்த்தது இந்த மாதான்.

வார்ட் இந்த வித்திகளைத் தண்ணீர்த் துளியில் கரைத்து, நோயில்லாத கோப்பி இலையின் அடியில் வைத்தார். பிறகு உருப்பெருக்கியின்முன் காத்திருந்தார்.

வித்தி முளைத்தது. நூல் போன்ற ஒரு குழாய் வெளியே வந்தது. இலையின்மேல் ஊர்ந்து, இலை மூச்சு விடுகிற துவாரமான இலைவாயைத் தேடிப் பிடித்து உள்ளே இறங்கியது. உள்ளே கிளை விட்டது. ஒவ்வொரு கலத்தின் சுவரையும் துளைத்து, சின்னப் பருகி ஒன்றைக் கலத்துக்குள் நீட்டியது. குழந்தை பாலுறிஞ்சுவதுபோல அங்கிருந்து உணவை உறிஞ்சியது. இரண்டு மூன்று வாரத்தில் இலையின் அடியில் மஞ்சள் பொட்டு. மறுபடியும் வித்தி. மறுபடியும் காற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த வாரக் கதையே அதைச் சுற்றித்தான்.

பருகி நுழைந்த கலம் சாவதில்லை.

நாள் கணக்கில் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை செய்கிறது. செய்ததைத் தனக்குள் வந்து உட்கார்ந்தவனுக்குக் கொடுக்கிறது. கோப்பித் துருப்பங்கசு பிணத்தைத் தின்னத் தெரியாத உயிரி. அதற்கு உயிருள்ள கலம் வேண்டும். கலம் செத்தால் அதுவும் பட்டினி கிடந்து சாகும்.

*

வார்ட் கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் காற்றுக்கு முகம் காட்டி வைத்தார். எடுத்துப் பார்த்தால் தகட்டில் வித்திகள். நோய் மண்ணிலிருந்து வரவில்லை, வேரிலிருந்து வரவில்லை, உரம் போதாததால் வரவில்லை. காற்றில் வருகிறது. வந்து விழுகிற இடமெல்லாம் கோப்பி. அதற்கு அப்பாலும் கோப்பி. அதற்கும் அப்பால் கோப்பி.

மலை முழுக்க ஒரே செடியை நட்டால் இப்படித்தான் ஆகும் என்று வார்ட் எழுதினார். இடையிடையே காட்டு மரங்களை வளர்த்துக் காற்றை மறிக்கச் சொன்னார். 1880-லும் 1881-லுமாக அரசாங்கத்துக்கு மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மருந்து மட்டும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் மருந்து இல்லை. பிரான்சில் திராட்சைத் தோட்டக்காரர்கள் செம்புத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற கலவை பிறப்பதற்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

1882-ல் வார்ட் கப்பலேறினார். நோயின் வழியைக் காட்டிய மனிதரை மருந்து கொடுக்காதவர் என்ற மனக்குறையோடுதான் துரைமார் வழியனுப்பினார்கள். அவர்களுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்று அறிக்கைகளுக்கு ஈடான விஞ்ஞானம் அன்றைக்கு ஆசியாவின் எந்தத் தோட்டத்திலும் நடந்துகொண்டிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

*

1884-ஆம் ஆண்டு மே மாதம், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துக் கடன் கொடுத்து வீங்கியிருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. துரைமார் பலர் தோட்டத்தைக் கைவிட்டுப் போனார்கள். பட்ட கோப்பி மரத்தின் அடித்தண்டுகளைச் சீமைக்கு ஏற்றித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

எங்கள் சனத்தின் கதையும் இங்கேதான் திரும்புகிறது. கோப்பி பருவப் பயிர். பழம் எடுக்கிற காலத்துக்கு மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணியோடு வருவார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடப்பார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பருவம் முடிந்ததும் மிஞ்சியவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள்.

தேயிலை அப்படியல்ல. கொழுந்து வருடம் முழுக்கத் தளிர்க்கும். வருடம் முழுக்கக் கை வேண்டும். அதிலும் பெண்களின் கை வேண்டும். 1875-ல் ஆயிரம் ஏக்கரைச் சற்றே தாண்டியிருந்த தேயிலை, இருபது வருடத்தில் மூன்று லட்சம் ஏக்கர் ஆனது. வந்தவர்கள் குடும்பமாக வந்தார்கள். வந்தவர்கள் திரும்பவில்லை. லயங்கள் நிரம்பின. நாம் மலையகத் தமிழர் ஆனோம்.

ஒரு பங்கசு இலைக்குள் போனதால்தான் நாம் இங்கே இருக்கிறோம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கடன், பஞ்சம், சாதி, வெள்ளைக்கார முதலீடு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பங்கசைக் கழித்துவிட்டு நம் வரலாற்றைச் சொல்ல முடியாது.

*

இனி இருபது வருடம் தாண்டுகிறோம்.

1902. வார்ட் இப்போது கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர். அவர் முன்னால் கோப்பி இல்லை. புரோமஸ் என்ற புல் வகைகள் இருக்கின்றன, அந்தப் புல்லைத் தாக்குகிற துருநோய் இருக்கிறது. இலங்கையில் கேட்ட கேள்வியை இன்னொரு படி இறக்கி அவர் கேட்கிறார்: ஒரே பங்கசு, ஒரே குடும்பத்துப் புற்கள். ஒரு வகை நோயில் அழிகிறது. பக்கத்தில் நிற்கிற இன்னொரு வகைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

சுவர் தடிப்பாக இருக்கும், இலைவாய் சின்னதாக இருக்கும், பங்கசு உள்ளே போக முடியாது. அப்படித்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். வார்ட் அளந்து பார்த்தார். அப்படி எந்த வித்தியாசமும் இல்லை.

பங்கசு இரண்டு புல்லுக்குள்ளும் போகிறது. அதே முளைக்குழாய், அதே இலைவாய். நோய் வாங்குகிற புல்லில் கலம் உயிரோடு இருந்து விருந்து வைக்கிறது. நோய் வாங்காத புல்லில் பங்கசு தொட்ட கலமும் அதைச் சுற்றியுள்ள சில கலங்களும் சட்டென்று செத்துப் பழுப்பாகின்றன. ஊசி முனை அளவுப் பொட்டு. அதற்குள் பங்கசு அகப்பட்டுப் பட்டினியில் நின்றுபோகிறது. இலை பிழைக்கிறது.

சில கலங்கள் செத்தன. அதனால் செடி வாழ்ந்தது.

கோப்பியில் யாரும் காணாத காட்சி இது. கோப்பியில் அப்படி ஒன்று நடக்கவில்லை. அதனால்தான் காணவில்லை.

அந்தச் சாவு ஏன் நேர்கிறது என்று வார்டுக்குத் தெரியாது. பங்கசு அளவுக்கு மீறி மூர்க்கமாகத் தாக்கித் தன் சோற்றுப் பானையைத் தானே உடைத்துக்கொள்கிறது என்பதுபோல அவர் விளங்கிக்கொண்டார். 1906-ல் அவர் காலமானார். 1915-ல் அமெரிக்காவில் ஸ்டேக்மன், கோதுமைத் துருநோயில் இதையே கண்டு ‘மிகையுணர்வு’ என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது. காரணம் கிடைக்க இன்னும் எழுபது வருடம் ஆனது.

*

காரணம் என்ன என்பதை நம் குசினியிலிருந்தே தொடங்கலாம்.

நுவரெலியா உருளைக்கிழங்கை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் வெட்டிய முகம் பழுப்பேறியிருக்கும். அதனால்தான் அம்மாமார் வெட்டியதும் தண்ணீரில் போடுகிறார்கள். தேசிக்காய்ப் புளி தடவினாலும் கறுக்காது.

வெட்டும்போது நடந்தது இது: கலத்துக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் ஒன்றாகக் கலந்தன, காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றின்மேல் பட்டது. இதைத்தான் ஒட்சியேற்றம் என்கிறோம். ஒரு பொருள் தன் இலத்திரனைப் பறிகொடுப்பது ஒட்சியேற்றம். இலத்திரனைத் திரும்பப் பெறுவது தாழ்த்தல். ஒருவன் இழக்காமல் இன்னொருவன் பெற முடியாது. இரண்டும் எப்போதும் சோடியாகவே நடக்கும்.

உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் இந்தப் பற்றுவரவு ஓயாமல் ஓடுகிறது. தோட்டத்துக் கடைப் பற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, மா, தேங்காயெண்ணெய் எல்லாம் கடனுக்கு. சம்பள நாளில் அடைப்பு. கடன் வாங்காத வீடு இல்லை. அடைக்கிற வரையில் வீடு ஓடும். கலம் மூச்சு விடும்போதும் இலை வெயிலைப் பிடிக்கும்போதும் கொஞ்சம் இலத்திரன் சிந்தி ஒட்சிசன்மேல் விழுகிறது. சுப்பர் ஒட்சைட்டு உண்டாகிறது, அதிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டு உண்டாகிறது. இது கடன். குளூட்டாதயோனும் விற்றமின் சி-யும் இலத்திரனைக் கொடுத்து அதை அன்றன்றே அடைக்கின்றன.

அடைப்பு நின்றால்? அல்லது ஒரே இரவில் யாராவது வேண்டுமென்றே பெருங்கடன் வாங்கினால்?

*

1983. ஜப்பானின் நகோயா. தோக்கே என்ற ஆய்வாளர் உருளைக்கிழங்கோடு வேலை செய்கிறார். அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே கருகல் நோய்க்கிருமி. எதிர்ப்புச் சக்தியுள்ள கிழங்கின் கலத்தைக் கிருமி தொடுகிற அந்த வேளையில், கலம் தானாகவே சுப்பர் ஒட்சைட்டைப் பொழிகிறது என்று அவர் காட்டினார்.

கிருமி செய்ததல்ல. கலம் செய்தது.

கலத்தின் மென்சவ்வில் ஒரு நொதியம் இருக்கிறது. வந்திருப்பவன் யார் என்று கலம் அடையாளம் கண்டதும் அது விழித்துக்கொள்கிறது. கலத்தின் சேமிப்பான என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி ஒட்சிசன்மேல் எறிகிறது. சில நிமிடங்களில் பெருங்கடன். புகையிலையில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அதே நேரத்தில் பரவொட்சைட்டை அழிக்கிற நொதியங்களின் உற்பத்தியையும் கலம் நிறுத்துகிறது. ஒரு கையால் கடனைக் கூட்டிக்கொண்டு மறு கையால் அடைப்பை நிறுத்துகிறது.

இது விபத்து அல்ல. கலம் தன் சாவுக்குத் தானே எழுதிக் கொடுக்கிற கையெழுத்து. இதைத் திட்டமிட்ட கல இறப்பு என்கிறார்கள். தவளைக்குஞ்சின் வால் மறைவதும், கருவிலுள்ள குழந்தையின் விரல்களுக்கு இடையில் சவ்வு கரைவதும் இந்த வகைதான். விலங்குகளில் இதன் ஒரு வடிவத்துக்கு 1972-ல் ஆபர்டீனில் கெர், வைலி, கரி என்ற மூவர் ‘அபொப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கிற கிரேக்கச் சொல் அது. விலங்கின் கலம் சாவதற்கு இலையிடம் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

1994-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் லெவின், லாம் முதலானோர் சோயாக் கலங்களில் கண்டது இன்னும் நுட்பமானது. கிருமி தொட்ட கலத்தில் பரவொட்சைட்டு மிகையாகச் சுரக்கிறது. அந்தக் கலம் சாகிறது. அதே பரவொட்சைட்டு கசிந்து பக்கத்துக் கலத்துக்குப் போகிறது. போகும் வழியில் அளவு குறைகிறது. குறைந்த அளவு பட்ட பக்கத்துக் கலம் சாவதில்லை. தன்னைக் காக்கிற மரபணுக்களை எழுப்பிக்கொண்டு காவலுக்கு நிற்கிறது.

ஒரே பொருள். ஒரு வீட்டில் சாவுச் செய்தி, அடுத்த வீட்டில் எச்சரிக்கை. வித்தியாசம் அளவில்தான். 2001-ல் டெலடோனும் கூட்டாளிகளும் இன்னொரு முடிச்சைப் போட்டார்கள்: பரவொட்சைட்டு மட்டும் போதாது, நைத்திரிக் ஒட்சைட்டும் அதற்கு ஏற்ற விகிதத்தில் இருந்தால்தான் கலம் சாகிறது. எது எவ்வளவு என்ற நிறையில் கலத்தின் ஆயுள் நிற்கிறது.

*

இப்போது நம் கோப்பி மரத்துக்குத் திரும்புவோம்.

இலங்கை மலைகளில் நின்றது அரபிக்காக் கோப்பி. மிகக் குறுகிய ஒரு வம்சம். மரத்துக்கு மரம் வித்தியாசமே இல்லாத கூட்டம். ஹெமிலியா வாசலில் வந்து நின்றபோது அந்தக் கலங்களுக்கு வந்தவன் யார் என்று அடையாளம் தெரியவில்லை. அடையாளம் காட்டுகிற மரபணு அவற்றிடம் இல்லை. அதனால் நொதியம் விழிக்கவில்லை, சுப்பர் ஒட்சைட்டு பொழியவில்லை. சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் அந்தக் கலங்கள் பங்கசுக்குச் சோறு போட்டன.

மரம் பிறகு இலையை உதிர்த்தது. ஊசி முனையளவு இடத்தில் முடிந்திருக்க வேண்டிய சாவு இலையளவு ஆனது. இலை போன மரம் அடுத்த பூவுக்குச் சத்தில்லாமல் நின்றது. பிறகு மரம் போனது, தோட்டம் போனது, வங்கி போனது.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு மைசூரில் சாட்சி உண்டு. 1911-ல் கென்ட் என்ற தோட்டக்காரர் துருநோய்க்கு நடுவில் பச்சையாக நின்ற ஒரு கோப்பி மரத்தைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். ‘கென்ட்ஸ்’ என்று அது பல நாடுகளுக்குப் போனது. 1955-ல் போர்த்துக்கல்லின் ஓயிராஸ் நகரில் கோப்பித் துருநோய்க்கென்றே ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. எதிர்த்து நிற்கிற கோப்பி வகைகளின் இலையை அங்கே அறுத்துப் பார்த்தார்கள். பங்கசு நுழைகிறது. தொட்ட கலம் சட்டென்று பழுத்துச் சாகிறது. வார்ட் 1902-ல் புல்லில் பார்த்த அதே பொட்டு, கோப்பி இலையில்.

இலங்கை வார்டுக்குக் கேள்வியைக் கொடுத்தது. பதிலை அவர் வேறு செடியில், வேறு நாட்டில், இருபது வருடம் பிந்திக் கண்டார். அந்தப் பதில் மலைக்கு வந்து சேருவதற்குள் காப்பாற்ற இங்கே கோப்பி இல்லை.

*

பதிலுக்காகக் காத்திருக்காமல் மலை தேயிலைக்கு மாறிவிட்டிருந்தது. காற்றை மறிக்க இடையில் மரங்களை விடச் சொன்ன வார்டின் அறிக்கை தூசி படிந்து கிடந்தது. மறுபடியும் ஒரே பயிர். மறுபடியும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே பச்சை.

தேயிலைக்கும் இந்த ஒட்சியேற்றத்துக்கும் உள்ள உறவு வேறு எந்தப் பயிருக்கும் இல்லாத அளவு நெருக்கமானது. ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்மாடியில் இரவு முழுக்க வாடிய கொழுந்து காலையில் துணிபோலத் துவண்டு கிடக்கும். துவண்டாலும் பறித்த கொழுந்து உடனே செத்துவிடுவதில்லை, மூச்சு விட்டபடிதான் வாடுகிறது. அதை ரோலரில் போட்டு உருட்டும்போதுதான் கலச் சுவர்கள் உடைகின்றன. புன்வெற்றிடம் என்ற அறையில் இருந்த பொலிபீனோல்களும் வேறு அறையிலிருந்த நொதியமும் சந்திக்கின்றன. ஒட்சிசன் சேருகிறது. பரப்பி வைத்த இலை கண்ணுக்கு முன்னாலேயே பச்சையிலிருந்து செம்புக் காசு நிறத்துக்குத் திரும்பும். ஆப்பிள் பழத்தோடு பூவும் கலந்ததுபோல ஒரு வாசம் எழும். டீமேக்கர் அதை முகர்ந்து பார்த்துத்தான் சூட்டடுப்புக்கு அனுப்புவார்.

அது நொதித்தல் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கள் புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் செய்கிற வேலை என்று எண்ணினார்கள். அந்தப் பெயர் இன்றும் தொழிற்சாலையில் புழங்குகிறது. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்திலிருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்ரீரங்காச்சார் இதைத் துருவினார். செம்பைத் தன் நடுவில் வைத்திருக்கிற ஒட்சியேற்ற நொதியம் ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. அது 1943-ல் வெளியானது. உலகமே போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், குளிரும் மழையுமான ஒரு மலை ஊரில் செய்த வேலை. அவர் பெயர் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ரோலரில் நடப்பது கொலை. இயந்திரம் வெளியிலிருந்து கதவை உடைக்கிறது. புரோமஸ் புல்லில் வார்ட் கண்டது வேறு. அங்கே கதவைத் திறந்தது கலமே. இரண்டிலும் கடைசியில் தெரிவது அதே பழுப்பு நிறம்தான்.

*

1946.

போர் முடிந்து ஒரு வருடம். மழை இறங்கிய மலைகளில், கொழுந்து எடுக்கிற பெண்களின் விரலுக்குப் புதிதாக ஒன்று தட்டுப்படுகிறது. தளிர் இலையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்ததுபோல வட்டமாக, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊடு தெரிகிற ஒரு புள்ளி. சில நாளில் மேற்பக்கம் குழிகிறது, அடிப்பக்கம் புடைக்கிறது. புடைத்த இடத்தில் வெள்ளை வெல்வெட்டு விரித்தாற்போல வித்திகள். முற்றிய இலையை அது தொடுவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எதைப் பறிக்கிறோமோ, சரியாக அதைத்தான் பிடிக்கிறது.

எக்ஸோபசிடியம் வெக்ஸன்ஸ். கொப்புள நோய். அசாமில் 1868-லேயே கண்ட நோய், எண்பது வருடம் கழித்துக் கடல் தாண்டி வந்திருந்தது. ஹெமிலியாவைப் போலவே இதுவும் உயிருள்ள கலத்தில் மட்டும் வாழத் தெரிந்த பங்கசு. ஹெமிலியாவைப் போலவே காற்றில் வருவது. மலையில் மறுபடியும் ஒரே பயிர்.

சென்ட் கூம்ஸில் இருந்தவர்களுக்குக் கோப்பியின் கதை நன்றாகவே தெரியும். இந்தத் தடவை மலையில் நிற்கும் தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்து வந்தது. செடிக்குச் செடி குணம் வேறு. அந்த இலட்சக்கணக்கான செடிகளுக்குள் எங்கேயாவது, பங்கசு தொட்டதும் தன் பற்றுவரவைத் தானே கவிழ்த்துக்கொண்டு ஊசி முனையளவில் செத்துக் காட்டத் தெரிந்த கலங்களோடு ஒரு செடி நின்றதா? நின்றிருந்தால், மூன்று லட்சம் ஏக்கரையும் தாண்டிப் பரந்த பச்சைக்குள் அதை யார் போய்த் தேடினார்கள்?

(அடுத்த வாரம்)